வாங் ரெசினில் ஏடிஆர்பி: மூலக்கூறு எடை கணக்கைவிட நான்கு மடங்கு, மணிகளும் உடைகின்றன

வடிதாள்

வணக்கம். வாங் ரெசின் மேல் (ஹைட்ராக்சில் தாங்கிய பாலிஸ்டைரீன் மணிகள், குறுக்குப்பிணைப்புக்கு 1% டைவினைல்பென்சீன், 100–200 மெஷ், லோடிங், அதாவது கிராமுக்கு இருக்கும் வினைத்தொகுதி, 1.1 மில்லிமோல்/கிராம்) தொடக்கியாக 2-புரோமோஐசோபியூட்டிரைல் புரோமைடு ஏற்றி, அதிலிருந்து மெத்தில் மெதாக்ரிலேட் (எம்எம்ஏ) சங்கிலிகளை ஏடிஆர்பி (செம்பு வினையூக்கியால் கட்டுப்பாட்டோடு வளர்க்கும் ரேடிக்கல் முறை) வழியில் வளர்க்கிறேன். அளவுகள் இவை:

தொடக்கி ஏற்றிய ரெசின் 200 மி.கி., எம்எம்ஏ 2 மி.லி. (100 சமானம்), டொலுவீன் 2 மி.லி., குப்ரஸ் புரோமைடு 27 மி.கி., பிஎம்டிஇடிஏ (செம்போடு பிணையும் லிகண்ட்) 40 மைக்ரோலிட்டர். 15 நிமிடம் நைட்ரஜன் குமிழ்கள், 70 டிகிரி, காந்தக் கிளறி, 6 மணி நேரம்.

மேல்கரைசலின் என்எம்ஆர்படி மோனோமரில் 60% தீர்ந்திருக்கிறது. அப்படியானால் மூலக்கூறு எடை 6,000 சொச்சம் வரவேண்டும். டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தில் (டிஎஃப்ஏ) வெட்டி எடுத்து ஜிபிசி (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் தூண்) ஓட்டினால் 24,000, பரவல் எண் (சங்கிலி எடைகளின் சிதறல்) 1.7, குறைந்த எடைப் பக்கம் நீண்ட வால். வடிகட்டும்போது மணிகளில் பாதி தூளாக வருகிறது. எவ்வளவு கழுவினாலும் பச்சை நிறமும் போகவில்லை. இவை மூன்றுக்கும் ஒரே காரணமா, வேறுவேறா?

---

குறுக்குப்பிணைப்பு

பெரும்பகுதிக்கு ஒரே காரணம்தான்: லோடிங். குடுவையில் கை வைக்கும் முன் மணி எவ்வளவு சுமக்கப்போகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

புரோமோஐசோபியூட்டிரைல் தொகுதி ஏறும்போது ஒவ்வொரு ஹைட்ராக்சிலுக்கும் நிகரமாக 149 கூடுகிறது. 1.1 மில்லிமோல் ஏறினால் 1 கிராம் ரெசின் 1.164 கிராம் ஆகும். எனவே புதிய லோடிங் 0.945 மில்லிமோல்/கிராம். உங்கள் 27 மி.கி. குப்ரஸ் புரோமைடும் இதே கணக்கில்தான் இருக்கிறது, அதுவரை சரி.

இனி பாலிமர். 60 அலகு நீளச் சங்கிலி எல்லா இடத்திலும் வளர்ந்தால் ஒரு கிராம் ரெசினுக்குள் 5.7 கிராம் பிஎம்எம்ஏ (எம்எம்ஏவின் பாலிமர்). 100 அலகு வரை போனால் 9.5 கிராம். அதாவது மணியின் எடை பத்து மடங்குக்கு மேல் போகவேண்டும், காய்ந்த நிலையிலேயே விட்டம் இரட்டிப்பைத் தாண்டவேண்டும். கரைப்பானில் உப்பும் அளவு இதற்கு மேல் தனி. 1% குறுக்குப்பிணைப்பு என்றால் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் சராசரியாக 50, 60 ஸ்டைரீன் அலகுகள்தான். அந்த வலை இவ்வளவுக்கு விரிந்து கொடுக்காது. ஓரத்தில் வளர்ந்த அடுக்கு விரிய, நடுப்பகுதி விரியாமல் நிற்க, மணி வெங்காயத் தோல் மாதிரி உரிந்து பிளக்கும். நுண்ணோக்கியில் தூளைப் பாருங்கள். வளைந்த ஓடுகள் தெரிந்தால் இந்தக் காரணம். ஒழுங்கற்ற சில்லுகள் என்றால் கிளறி அரைத்தது.

மூலக்கூறு எடைக்கு வருவோம். கணக்குப்படி 6,174 (60 அலகு எம்எம்ஏ, முனையில் புரோமோஐசோபியூட்டிரிக் அமிலத்தின் 167). ஜிபிசி சொல்வது 24,000. ஆக, தொடக்கிகளில் கால்வாசிதான் வேலை செய்திருக்கின்றன. மீதி முக்கால்வாசி மணியின் உள்ளே தூங்குகின்றன, அல்லது தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று மோதிச் செத்துவிட்டன. ஒரு கிராம் ரெசின் 6, 7 மி.லி. வரை உப்பும்போது தொடக்கியின் உள்செறிவு ஏறத்தாழ 0.14 மோலார். எல்லாம் ஒரே சிறிய அறைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன.

---

செம்பு_நீலம்

லோடிங் பற்றிச் சொன்னது சரி. ஆனால் லிகண்ட் தேர்வையும் விட்டுவிட முடியாது.

எம்எம்ஏவுக்கு பிஎம்டிஇடிஏ–குப்ரஸ் புரோமைடு மிகச் சுறுசுறுப்பான ஜோடி. முதல் சில நிமிடங்களில் ரேடிக்கல் செறிவு எகிறிவிடும், அப்போதே முடிவுறுதல் (ரேடிக்கல்கள் மோதிச் சாவது) நடந்து முடிந்துவிடும். தவிர, அந்தக் காம்ப்ளெக்ஸ் டொலுவீனில் சரியாகக் கரையாது. அடியில் பச்சைப் பிசுக்காகப் படிந்ததா என்று பாருங்கள். பாலிஸ்டைரீன் வலைக்குள் நுழையவேண்டிய வினையூக்கி கரைப்பானிலேயே கரையாவிட்டால், மணியின் மேல்தோலில்தான் வேலை நடக்கும். நீண்ட வாலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: தோலில் வளர்ந்த சங்கிலி நீளம், உள்ளே தாமதமாகத் தொடங்கியவை குட்டை.

வாங் ரெசினில் மெதாக்ரிலேட்டுகளை வளர்த்து வெட்டி எடுக்கும் வழியை 2001-ல் வார்விக் பல்கலைக்கழகத்தின் ஹாடில்டன் குழு வெளியிட்டபோது, அவர்கள் எடுத்தது ஆல்கைல் பிரிடைல்மெத்தனிமைன் வகை லிகண்ட். என் பரிந்துரை: என்-பென்டைல்-2-பிரிடைல்மெத்தனிமைன், செம்பின் மோலில் இரண்டு மடங்கு, 90 டிகிரி. பிரிடின்-2-கார்பால்டிஹைடு, பென்டைல் அமீன் இரண்டையும் ஈதரில் மக்னீசியம் சல்ஃபேட்டோடு சேர்த்து வைத்து, வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்தால் கிடைத்துவிடும். பென்டைல் வால் இருப்பதால் டொலுவீனில் கரைசல் தெளிவாக, அடர் சிவப்புப் பழுப்பாக நிற்கும்.

இன்னொன்று, குப்ரஸ் புரோமைடுக்குப் பதில் குப்ரஸ் குளோரைடு போடுங்கள். புரோமோஐசோபியூட்டிரேட் தொடக்கி, வளரும் பிஎம்எம்ஏ முனையைவிடச் சற்று மெதுவாகவே உடையும். குளோரைடு இருந்தால் வளரும் முனையில் கார்பன்–குளோரின் பிணைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், அது உடைவது கடினம். சங்கிலி நிதானமாக வளர, மற்ற தொடக்கிகள் எல்லாம் கிளம்ப நேரம் கிடைக்கும். ரெசினுக்குள் இந்த மாற்றம் கரைசலில் இருப்பதைவிட அதிகம் உதவும்.

குப்ரஸ் உப்பு வெள்ளையாக இருக்கவேண்டும். பச்சை தட்டியிருந்தால் நீரற்ற (கிளேசியல்) அசெட்டிக் அமிலத்தில் கிளறி, எத்தனால், ஈதர் என்று கழுவி, வெற்றிடத்தில் உலர்த்தி, நைட்ரஜனில் வையுங்கள்.

---

மெதுவாய்_குலுக்கு

காந்தக் கிளறியை இன்றே நிறுத்துங்கள். உப்பிய மணியை அடியில் போட்டு அரைக்கும் அம்மி அது. ஆர்பிட்டல் குலுக்கி போதும், அல்லது மேலிருந்து துடுப்பு, நிமிடத்துக்கு 60 முதல் 100 சுற்று.

15 நிமிடக் குமிழ்களும் போதாது. மணி உப்பிய ஜெல், அதன் உள்ளேயும் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. ரெசினை மோனோமர், கரைப்பானோடு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு உறைய வைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்கும் சுற்று மூன்று. செம்பும் லிகண்டும் அதற்குப் பிறகுதான்.

---

வடிதாள்

மிக்க நன்றி. தூளில் இரண்டு வகையும் தெரிகிறது, வளைந்த ஓடுகள்தான் அதிகம். பிசுக்கும் இருந்தது.

இரண்டு கேள்விகள். ஒன்று, கையில் இருக்கும் 1.1 ரெசினையே பயன்படுத்த, புரோமைடைக் குறைவாகப் போட்டு மீதி ஹைட்ராக்சிலை அசெட்டிக் அன்ஹைட்ரைடால் மூடினால் போதுமா? இரண்டு, சிலிக்கன் தகட்டில் வளர்ப்பவர்கள் கரைசலில் தனித் தொடக்கி (எத்தில் 2-புரோமோஐசோபியூட்டிரேட்) சேர்க்கிறார்களே, இங்கேயும் தேவையா?

---

குறுக்குப்பிணைப்பு

முதல் கேள்விக்கு: எனக்கு அதில் உடன்பாடில்லை. அமில புரோமைடு வேகமாக வினைபுரியும். குறைவாகப் போட்டால் முதலில் சந்திக்கும் ஹைட்ராக்சிலிலேயே எல்லாம் தீர்ந்துவிடும், அவை மணியின் ஓரத்தில் இருப்பவை. சராசரி லோடிங் 0.3 என்று தாளில் வரும், உண்மையில் ஓரத்தில் 1, நடுவில் பூஜ்யம். மறுபடியும் அதே தோல் உரிதல். 0.3 லோடிங் ரெசினாகவே வாங்கி, அதை அதிகப்படி புரோமைடால் முழுக்க நிரப்புங்கள்.

---

அலைஎண்_1735

வாங்குவது எளிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூடும் வழி அடியோடு தவறில்லை. ஓரம் மட்டும் நிரம்புவது, வினை பரவுதலைவிட வேகமாக இருக்கும்போதுதான். அமில புரோமைடுக்குப் பதில் 2-புரோமோஐசோபியூட்டிரிக் அமிலம், ஐசோபியூட்டிரிக் அமிலம் இரண்டையும் கலந்து, மொத்தத்தில் அதிகப்படியாக எடுத்து, டைஐசோபுரோப்பைல் கார்போடைஇமைடு (டிஐசி), சிறிது டிஎம்ஏபி (எஸ்டராக்கும் வினையூக்கி) வைத்து ஏற்றலாம். இரண்டு அமிலமும் போட்டிபோட்டு மணி முழுக்கப் பரவும். ஏறும் விகிதம் போடும் விகிதத்துக்குச் சமமாக இருக்காது, புரோமின் பகுப்பாய்வு செய்து ஒருமுறை அளவுகோல் போட்டுக்கொள்ளவேண்டும்.

எந்த வழியானாலும் சரிபார்க்க மூன்று சோதனைகள் உண்டு.

அகச்சிவப்பு நிறமாலையில் 1735 செ.மீ⁻¹ அருகே எஸ்டர் எழவேண்டும், 3400–3600 பகுதியில் ஹைட்ராக்சில் மறையவேண்டும். இது ஆம், இல்லை என்பதை மட்டும் சொல்லும், அளவு சொல்லாது.

புரோமின் சதவீதம் அளவைச் சொல்லும். 0.945 லோடிங்குக்கு 7.55%, 0.287 லோடிங்குக்கு 2.3%. எடைக் கூடுதலோடு இது ஒத்துப்போகவேண்டும். எடை மட்டும் அதிகமாகக் காட்டினால் மணிக்குள் கரைப்பான் மிச்சம். டொலுவீனும் டிஎம்எஃப்பும் (டைமெத்தில்ஃபார்மமைடு) பாலிஸ்டைரீனை எளிதில் விடாது, கடைசியில் டிசிஎம் (டைகுளோரோமீத்தேன்), மெத்தனால், ஈதர் என்று சுருக்கி, எடை நிலைக்கும்வரை வெற்றிடத்தில் வையுங்கள்.

மூன்றாவதுதான் இந்த வாதத்தைத் தீர்க்கும். மணியை எபாக்சியில் பதித்து, பாதியாக வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எக்ஸ்கதிர் பகுப்பாய்வு வைத்து விட்டத்தின் குறுக்கே புரோமினைக் கோடு இழுத்துப் பாருங்கள். தட்டையான கோடு வந்தால் மணி முழுக்க ஒரே சீர். இரண்டு ஓரத்திலும் கொம்பு முளைத்து நடுவில் பள்ளம் என்றால் குறுக்குப்பிணைப்பு சொன்ன நிலைமை. அந்த ரெசினில் பாலிமர் வளர்க்கவே வேண்டாம்.

---

செம்பு_நீலம்

இரண்டாம் கேள்வி. தகட்டில் சேர்ப்பதற்குக் காரணம் தொடக்கியின் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டில் நானோமோல் கணக்கில்தான் தொடக்கி இருக்கும். அதில் எத்தனை ரேடிக்கல் செத்தாலும் குடுவையில் சொல்லிக்கொள்ளும்படி குப்ரிக் (ரேடிக்கலை மறுபடி தூங்கவைக்கும் செம்பு வடிவம்) சேராது, கட்டுப்பாடு வராது. ரெசினில் கதை வேறு. 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரே மணியின் எடை 0.55 மைக்ரோகிராம், 1 மில்லிமோல்/கிராம் லோடிங்கில் அதற்குள் 0.55 நானோமோல். ஒரு தகட்டுக்கு இருப்பது இங்கே ஒரு மணிக்கு இருக்கிறது, கிராமுக்கு 18 லட்சம் மணிகள். செம்பும் தொடக்கியும் சமமோலில் இருந்தால், சங்கிலிகளில் 5% செத்தாலே செம்பில் 5% குப்ரிக் ஆகிவிடும். தனித் தொடக்கி கட்டாயமில்லை.

அந்த 5% சாகாமல் தடுக்க, முதலிலேயே மொத்தச் செம்பில் 10% அளவுக்குக் குப்ரிக் குளோரைடு சேர்த்துவிடுங்கள்.

தனித் தொடக்கி சேர்த்தால் இரண்டு தொல்லை. அதன் மோலும் கணக்கில் சேர்ந்து சங்கிலி நீளத்தைக் குறைக்கும். கரைசலில் வளர்ந்த பாலிமர் மணிக்குள்ளும் சிக்கிக்கொள்ளும். அதைக் கழுவி முடிக்காமல் டிஎஃப்ஏ ஊற்றினால், மணியில் வளர்ந்தது எது, சும்மா சிக்கியது எது என்று ஜிபிசியில் பிரிக்கவே முடியாது.

---

கந்தகக்கை

ராஃப்ட் (கந்தகச் சேர்மத்தால் சங்கிலி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முறை) வழி பற்றி யாரும் பேசவில்லை. செம்பே வேண்டாமே?

---

குறுக்குப்பிணைப்பு

செம்பு வேண்டாம், உண்மைதான். ஆனால் கந்தக முகவரை எந்தப் பக்கமாக மணியோடு கட்டுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆர் தொகுதி (விலகி வளர்ச்சியைத் தொடங்கும் பக்கம்) வழியே கட்டினால் ரேடிக்கல் மணியில் உட்கார்ந்து வளரும், ஏடிஆர்பி போலவே. இசட் தொகுதி (கந்தகத்தோடு ஒட்டியே இருக்கும் பக்கம்) வழியே கட்டினால் சங்கிலி கரைசலில் வளர்ந்து, திரும்ப மணிக்கு வந்து மாட்டிக்கொள்ளவேண்டும். நீளம் கூடக்கூட வலைக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடும். பலன், குறைந்த ஏற்றம். நன்மை என்னவென்றால் மணியில் மாட்டியிருப்பவை பெரும்பாலும் உயிருள்ள சங்கிலிகள், செத்தவை கழுவும்போது போய்விடும்.

மெரிஃபீல்டு ரெசினின் பென்சைல் குளோரைடில் டைதயோபென்சோயேட் ஏற்றுவது சுலபம் என்று பலர் அதில் இறங்குவார்கள். அங்கே விலகும் தொகுதி பென்சைல். ஸ்டைரீனுக்கும் அக்ரிலேட்டுக்கும் போதும், எம்எம்ஏவுக்குப் போதாது. வளரும் மெதாக்ரிலேட் ரேடிக்கலைவிட பென்சைல் மோசமாக விலகும், கட்டுப்பாடு கிடைக்காது. தவிர ராஃப்டுக்கு ரேடிக்கல் தரும் ஏஐபிஎன் எப்படியும் கரைசலில் தனிப் பாலிமரை உண்டாக்கும்.

டெம்போ (ரேடிக்கலைப் பிடித்து விடும் நைட்ராக்சைடு) ஏற்றிய மெரிஃபீல்டு மணியை ஸ்டைரீனில் 130 டிகிரி அருகே சூடாக்கி வளர்க்கும் ராஸ்டா வகை ரெசின்களும் உண்டு. அங்கே நோக்கம் பாலிமரை வெட்டி எடுப்பதல்ல, மணியையே பெரிதாக்கிப் புதிய தாங்கியாக்குவது. வடிதாளுக்கு வேண்டியது வெட்டி எடுத்த பாலிமர் என்பதால் வாங் ரெசின், ஏடிஆர்பி இரண்டும் சரியான தேர்வே.

---

வடிதாள்

எல்லாவற்றையும் சேர்த்துப் புதுத் திட்டம். 0.3 லோடிங் வாங் ரெசினில் புரோமைடு 3 சமானம், டிரைஎத்தில் அமீன் 3.3 சமானம், டிஎம்ஏபி 0.1 சமானம், உலர்ந்த டிசிஎம்மில் பூஜ்யம் டிகிரியில் துளித்துளியாக, பிறகு அறை வெப்பத்தில் 16 மணி நேரம். கிடைப்பது 0.287 மில்லிமோல்/கிராம்.

பாலிமராக்கல்: அந்த ரெசின் 500 மி.கி. (0.144 மில்லிமோல்), எம்எம்ஏ 3.06 மி.லி. (200 சமானம்), டொலுவீன் 3 மி.லி., குப்ரஸ் குளோரைடு 14.2 மி.கி., குப்ரிக் குளோரைடு 1.9 மி.கி., பென்டைல் லிகண்ட் 56 மி.கி. 90 டிகிரி, குலுக்கி. பாதி மோனோமர் தீர்ந்ததும் நிறுத்துவேன். சரியா?

---

மெதுவாய்_குலுக்கு

டொலுவீன் போதாது. 500 மி.கி. ரெசினே 3 மி.லி. குடித்துவிடும், மீதி 3 மி.லி.யில் மணிகள் சேறாக நிற்கும், குலுக்கினாலும் நகராது. டொலுவீனை 6 மி.லி. ஆக்குங்கள். 1.9 மி.கி.யைத் தராசில் நிறுக்க வேண்டாம். உலர்ந்த அசெட்டோனைட்ரைலில் குப்ரிக் குளோரைடை லிகண்டோடு கரைத்து வைத்து, தேவையான அளவு உறிஞ்சிப் போட்டு, கரைப்பானை இழுத்துவிட்டுத் தொடருங்கள். குடுவைச் சுவரை சிலேன் பூசிவிட்டால் மணிகள் மேலே ஒட்டிக் காயாது.

---

அலைஎண்_1735

பாதி தீர்ந்ததா என்பதை மேல்கரைசல் என்எம்ஆரை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். மோனோமர் மணிக்குள் போய் உட்கார்வதும் மேல்கரைசலில் குறைவாகத் தெரியும், அது வினையல்ல. உள்தரமாக மெசிட்டிலீன் சேர்த்து, ஒரு மணி நேரம் ஊறிய பிறகு, செம்பு போடும் முன் எடுத்த மாதிரியே உங்கள் பூஜ்ய நேரம். முதல் பதிவில் சொன்ன 60%-லும் இந்தப் பிழை ஒளிந்திருக்கலாம்.

அதைவிட நம்பகமானது மணியின் எடை. பாதி தீர்ந்து எல்லாத் தொடக்கியும் வேலை செய்தால் ஒரு கிராம் ரெசினுக்கு 2.87 கிராம் பாலிமர், மணி 3.87 மடங்கு எடை, விட்டம் 1.57 மடங்கு. 1% வலை இதைத் தாங்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நைட்ரஜன் ஓட்டத்தில் சில துளி மணிகளை எடுத்துக் கழுவி, வெட்டி, ஜிபிசி ஓட்டுங்கள். மூலக்கூறு எடை, மோனோமர் தீர்ந்த அளவோடு நேர்கோட்டில் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இதே ரெசினில் ஸ்டைரீன் வளர்த்தால், அண்டை ரேடிக்கல்கள் இணைந்து செத்ததற்கு அடையாளமாக ஜிபிசியில் சரியாக இரட்டை எடையில் தோள் தெரியும். எம்எம்ஏ பெரும்பாலும் ஹைட்ரஜனைக் கைமாற்றித்தான் முடிவுறும், அந்தத் தோள் வராது. தோள் இல்லை என்பதால் முடிவுறுதல் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

---

செம்பு_நீலம்

பச்சை நிறம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. வெறும் தண்ணீரில் இடிடிஏ (செம்பைப் பிடித்து இழுக்கும் சேர்மம்) கலந்து ஊற்றினால் பயனில்லை, பாலிஸ்டைரீன் மணி தண்ணீரில் சுருங்கிக் கதவை மூடிக்கொள்ளும். முதலில் டிஎச்எஃப்பில் (டெட்ராஹைட்ரோஃப்யூரான்) நன்றாகக் கழுவி, பிறகு 0.5% சோடியம் டைஎத்தில் டைதயோகார்பமேட் கரைத்த டிஎம்எஃப்பில் கழுவுங்கள். பழுப்பு நிறம் ஓடும். வடிநீர் நிறமில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்ப. அடுத்து டிஎம்எஃப், டிசிஎம், மெத்தனால், ஈதர்.

வெட்டுவது: டிசிஎம்மில் பாதிக்குப் பாதி டிஎஃப்ஏ, 2.5% டிரைஐசோபுரோப்பைல்சிலேன். சிலேன் எதற்கென்றால், ரெசினில் உண்டாகும் பென்சைல் அயனி திரும்பவும் ஒட்டாமல் இருக்க. 2 மணி நேரம், வடித்து, இன்னொரு அரை மணி. பாலிமர் நிறைந்த மணியிலிருந்து சங்கிலி வெளியேறவே நேரம் பிடிக்கும், டிசிஎம்மில் நாலைந்து முறை அலசி எல்லாவற்றையும் சேருங்கள். டொலுவீன் சேர்த்து ஆவியாக்கி, குளிர்ந்த ஹெக்சேனில் வீழ்படிவாக்குங்கள். டிஎஃப்ஏ மிச்சம் இருக்கும்போது மெத்தனாலில் ஊற்றினால் முனை அமிலம் கொஞ்சம் எஸ்டராகக்கூடும். வெட்டிய மணியை அகச்சிவப்பில் பாருங்கள், 1730 இன்னும் உயரமாக இருந்தால் பாலிமர் உள்ளேயே இருக்கிறது.

கிடைக்கும் பிஎம்எம்ஏவின் முனையில் கார்பாக்சிலிக் அமிலம் இருக்கும். ஜிபிசி தூணில் அது ஒட்டி இழுத்தால் குறைந்த எடைப் பக்கம் பொய்யான வால் வரும். டிஎச்எஃப்பில் சிறிது அசெட்டிக் அமிலம் கலந்து ஓட்டிப் பாருங்கள்.

---

வடிதாள்

புரிந்தது, டொலுவீன் 6 மி.லி. என்று மாற்றிவிட்டேன். வாலில் எவ்வளவு தூணால் வந்தது என்பதைப் பழைய மாதிரியை வைத்தே பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: பிஎம்எம்ஏ வளர்ந்த மணியைக் கழுவி, அதன் மேல் டெர்ட்-பியூட்டைல் மெதாக்ரிலேட் இரண்டாம் தொகுதியாகப் போட்டால் வருமா?

---

குறுக்குப்பிணைப்பு

வளரும். இடையில் மோனோமரை முழுக்கக் கழுவ முடிவதுதான் மணியில் தொகுதிப் பாலிமர் செய்வதன் பெரிய வசதி. ஆனால் டிஎஃப்ஏ ஊற்றியதும் டெர்ட்-பியூட்டைல் எஸ்டரும் சேர்ந்து உடைந்து பாலிமெதாக்ரிலிக் அமிலமாகிவிடும், டிசிஎம்மில் அது கரையாமல் மணிக்குள்ளேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். அமிலத் தொகுதிதான் வேண்டும் என்றால் வெட்டிய பிறகு டிஎம்எஃப்பில் அலசி எடுங்கள். டெர்ட்-பியூட்டைல் அப்படியே வேண்டும் என்றால் வாங் இணைப்பு உதவாது, டிஎஃப்ஏ இல்லாமல் வெட்டக்கூடிய இணைப்பை, உதாரணமாக ஒளியால் உடையும் நைட்ரோபென்சைல் வகையை, ரெசின் வாங்கும்போதே தேர்ந்தெடுக்கவேண்டும். முதல் தொகுதியைப் பாதி மோனோமர் தீர்ந்ததுமே நிறுத்துங்கள். மோனோமர் வறண்ட மணியில் குளோரின் முனைகள் போய்விடும், இரண்டாம் தொகுதிக்கு ஆளிருக்காது. இரண்டு தொகுதியின் எடையையும் சேர்த்து மணியின் சுமைக் கணக்கை மறுபடியும் போடுங்கள், 0.287 லோடிங்கில் மொத்தம் 150 அலகுக்கு மேல் போகவேண்டாம்.